ரிசீவரை மாத்தணுமா, வேண்டாமா?

இன்னைக்கு எடுத்துக்கிட்ட கேள்வி வாலாஜாபாத்ல இருந்து வந்திருக்கு. ஒரகடம் பக்கம் கம்பெனியில வேலை பார்க்கிற ஒரு தம்பி கேட்கிறார். "அண்ணா, 2012-ல வாங்கின 5.1 ரிசீவர் வீட்டுல இருக்கு. இந்தத் தீபாவளிக்கு 55 இன்ச் 4கே டிவி வாங்கினோம். உங்க ரிசீவர்ல 4கே போகாது, அதையும் மாத்தியே ஆகணும்னு கடையில சொல்றாங்க. மாத்தணுமா?"

கடைக்காரர் சொன்னதுல முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி சரியில்லை. ஏன்னு சொல்றேன்.

ரிசீவர்ங்கிற அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு, சத்தத்தைப் பிரிச்சு, பெருக்கி, ஸ்பீக்கர்களுக்கு அனுப்புறது. இன்னொண்ணு, படத்தை ஹெச்டிஎம்ஐ வழியா வாங்கி டிவிக்குக் கடத்துறது. இதுல சத்த வேலை ரொம்ப மெதுவாத்தான் பழசாகும். இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒழுங்கா செஞ்ச ஆம்ப்ளிஃபயர் இன்னைக்கும் நல்லாவே பாடும். பட வேலை அப்படி இல்லை. 2009-ல ஹெச்டிஎம்ஐ 1.4 வந்தது, 2013-ல 2.0, 2017-ல 2.1. நடுவுல 4கே படத்துக்குன்னு ஹெச்டிசிபி 2.2-ன்னு ஒரு காப்புப் பூட்டும் போட்டாங்க. 2012 ரிசீவருக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. 4கே பாக்ஸை அது வழியா விட்டீங்கன்னா ஒண்ணு படம் தரம் இறங்கி வரும், இல்லேன்னா திரை கறுப்பா நிக்கும். கடைக்காரர் சொன்னது இதைத்தான்.

ஆனா படத்தை எதுக்கு ரிசீவர் வழியா விடணும்? தம்பி வாங்கினது ஸ்மார்ட் டிவி. நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஜியோஹாட்ஸ்டார் எல்லாம் டிவிக்குள்ளயே இருக்கு. படம் டிவியோட நிக்கட்டும், சத்தம் மட்டும் ரிசீவருக்கு வந்தாப் போதும். அதுக்கான வழி 2009-லேயே வந்தாச்சு. அதுதான் ஏஆர்சி.

டிவிக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க. மூணு நாலு ஹெச்டிஎம்ஐ போர்ட் இருக்கும். அதுல ஒண்ணு பக்கத்துல மட்டும் ஏஆர்சின்னோ, அதோட புது வடிவமான ஈஏஆர்சின்னோ சின்ன எழுத்துல போட்டிருக்கும். ரிசீவர்ல 'அவுட்'னு இருக்கிற ஹெச்டிஎம்ஐ பக்கத்துலயும் அதே எழுத்து இருக்கான்னு பாருங்க. 2012 மாடல்கள்ல பெரும்பாலும் இருக்கும். அந்த ரெண்டையும் ஒரே கேபிள்ல சேர்த்துடுங்க. செட்-டாப் பாக்ஸ், ஸ்டிக் எல்லாத்தையும் நேரா டிவியிலயே சொருகிடுங்க. அப்புறம் டிவி மெனுவுல சிஇசின்னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணணும். சாம்சங்ல அதுக்கு அனிநெட் பிளஸ்னு பேரு, எல்ஜியில சிம்ப்ளிங்க், சோனியில பிராவியா சிங்க். ரிசீவர் மெனுவுலயும் ஹெச்டிஎம்ஐ கன்ட்ரோல், ஏஆர்சி ரெண்டும் ஆன்ல இருக்கணும்.

இதுக்கு அப்புறம் வர்ற இடத்துலதான் நிறைய வீட்டுல கோட்டை விட்டுடறாங்க. ரிசீவரோட முகப்புல ஒளிர்ற எழுத்தைப் படிங்க. படம் ஓடும்போது அதுல பிசிஎம்னு காட்டினா, டிவி அத்தனை பக்கச் சத்தத்தையும் ரெண்டா மடிச்சு அனுப்புதுன்னு அர்த்தம். பின்னாடி மாட்டின ஸ்பீக்கர் ஊமையா இருக்கும். மாட்டின நாள்ல இருந்து அப்படியே கேட்டுட்டு, "செட் பழசாயிடுச்சு, எஃபெக்ட் இல்லை"ன்னு முடிவு கட்டுறவங்க எத்தனையோ பேர். டிவியோட சவுண்ட் செட்டிங்ஸ்ல டிஜிட்டல் அவுட்புட்னு ஒரு இடம் இருக்கும். அங்க பிசிஎம்மை எடுத்துட்டு ஆட்டோ, இல்லேன்னா பாஸ்-த்ரூ வையுங்க. ரிசீவர் முகப்பு உடனே டால்பி டிஜிட்டல்னு மாறணும். மாறாம சத்தமே நின்னு போச்சுன்னா பதறாதீங்க. டால்பி டிஜிட்டல் பிளஸ்ங்கிற புது வடிவத்தை உங்க ரிசீவர் ஏஆர்சி வழியா வாங்கலைன்னு அர்த்தம். அதே மெனுவுல வெறும் டால்பி டிஜிட்டல்னு ஒரு வரி இருந்தா அதை வையுங்க, டிவியே மாத்திக் கொடுத்துடும்.

ஏஆர்சியே இல்லாத செட்டா? ஆப்டிக்கல் கேபிள் போடுங்க, டால்பி டிஜிட்டல் 5.1 அதுலயும் வரும். ரிச்சி ஸ்ட்ரீட்ல சாமான் வாங்கி நம்ம ஊர் மெக்கானிக் அசெம்பிள் பண்ணிக் கொடுத்த செட் வச்சிருக்கிறவங்களும் இருக்கீங்க. அதுல 5.1 இன்புட் ஜாக் இருந்தா, ஒரு சின்ன டிகோடர் பாக்ஸ் வாங்கி நடுவுல மாட்டினாப் போதும், செட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரே ஒரு விஷயம். இதையெல்லாம் கேபிள் சேனல் சீரியல் வச்சுச் சோதிக்காதீங்க. அது பெரும்பாலும் ரெண்டு சேனல் ஸ்டீரியோதான். ஓடிடியில 5.1-ன்னு குறி போட்டிருக்கிற படத்தை வச்சுப் பாருங்க.

சரி, இதெல்லாம் பண்ணியாச்சு, ஆனாலும் வசனம் புரியலை. எனக்கு வர்ற புகார்கள்ல இதுதான் முதல் இடம். "பாட்டு அள்ளுது, பேசுறது மட்டும் காதுல விழ மாட்டேங்குது, சத்தத்தைக் கூட்டினா சண்டைக் காட்சியில வீடே அதிருது." புது ரிசீவர் வாங்கினா தீரும்னு நினைக்கிறாங்க. படத்துல வசனம் கிட்டத்தட்ட முழுக்க நடு ஸ்பீக்கர்லதான் வருது. அந்த சென்டர் ஸ்பீக்கர் நம்ம வீடுகள்ல எங்க இருக்கு? டிவி ஸ்டாண்டோட கீழ்த்தட்டுல, முழங்கால் உயரத்துல, முன்னாடி ஒரு பூ ஜாடியோட. அதை ஸ்டாண்டோட விளிம்பு வரைக்கும் முன்னுக்கு இழுங்க. அடியில முன்பக்கமா ஒரு ரப்பர் கட்டை கொடுத்து, உட்கார்ந்திருக்கிற ஆள் முகத்தைப் பார்க்கிற மாதிரி நிமிர்த்துங்க. ரிசீவர் மெனுவுல சென்டர் லெவலை ரெண்டு மூணு டெசிபல் ஏத்துங்க. ஸ்பீக்கர் அளவை 'ஸ்மால்'னு வச்சு, கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் கொடுங்க. கீழ் சத்தம் சப்வூஃபருக்குப் போயிடும், சென்டர் பேச்சை மட்டும் பார்த்துக்கும். ராத்திரியில நைட் மோடும் போட்டுக்கலாம். ரிசீவர் வாங்கும்போது பெட்டியோட ஒரு குட்டி மைக் கொடுத்திருப்பாங்க. பாதி வீட்டுல அது பிரிக்காம பீரோவுல கிடக்கு. அதை நீங்க உட்கார்ற இடத்துல காது உயரத்துல வச்சு அளவெடுக்க விட்டீங்கன்னா, ரிசீவர் தானா பாதி வேலையைச் சரி பண்ணிக்கும்.

அறையும் ஒரு காரணம். கான்கிரீட் தளம், வழவழன்னு டைல்ஸ் தரை, நாலு பக்கமும் வெறும் சுவர்னா பேச்சு அங்கேயும் இங்கேயும் முட்டி எதிரொலிக்கும். தரையில ஒரு கனமான பவானி ஜமக்காளம், ஜன்னலுக்குத் தடிமனான திரை, பின்சுவர் ஓரம் ஒரு மெத்தை போதும், வித்தியாசத்தை அன்னைக்கே கேட்கலாம். வாலாஜாபாத் சாலையோரம் வீடுன்னா டிப்பர் லாரிச் சத்தம் வேற இருக்கு. சாலைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, இடுக்குக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்க. எந்த விலை ரிசீவரும் லாரியை நிறுத்தாது.

இப்ப வாட் கணக்குக்கு வரேன். இங்கதான் காசு வீணாப் போகுது. பழசுல 50 வாட், புதுசுல 70 வாட், நல்லா அடிக்கும்னு சொல்வாங்க. கணக்கைப் பாருங்க. வாட்டை ரெண்டு மடங்கு ஆக்கினாத்தான் சத்தம் 3 டெசிபல் ஏறும். காதுக்கு ரெண்டு மடங்கா கேட்கணும்னா சுமாரா பத்து மடங்கு வாட் வேணும். 50-ல இருந்து 70-க்குப் போனா ஒன்றரை டெசிபல், அவ்வளவுதான். வீட்டு அறையில சாதாரணமா படம் பார்க்கிறப்ப ஓடுறதே நாலஞ்சு வாட்தான். இன்னொண்ணு, அட்டையில பெருசா போட்டிருக்கிற எண்ணுக்குப் பக்கத்துல இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க. 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஒரே ஒரு சேனல் ஓடும்போதுன்னு இருந்தா அது விளம்பர வாட். 8 ஓம், 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், ரெண்டு சேனல் ஓடும்போதுன்னு தனியா ஒரு எண் போட்டிருப்பாங்க. ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

அடுத்து, தலைக்கு மேல இருந்தும் சத்தம் வர்ற டால்பி அட்மாஸ் வேணும்னு கேட்கிறவங்களுக்கு. அந்த ஆசையை நான் குறைச்சுப் பேச மாட்டேன். நம்ம தமிழ் சினிமா ஒலிக்காகச் செலவு பண்ணின சினிமா. 1995-ல குருதிப்புனல் டால்பி ஒலியோட வந்தது. 2012 டிசம்பர்ல சிவாஜி படத்தை 3டி ஆக்கி வெளியிட்டப்ப, இந்தியாவுலயே முதல் முறையா அட்மாஸ்ல கொண்டு வந்தாங்க. அடுத்த வருஷமே விஸ்வரூபம் ஆரோ 3டியில வந்தது. தலைக்கு மேல மழை பெய்யுறதை ஒரு தடவை கேட்டவங்களுக்கு அதை வீட்டுலயும் கேட்கணும்னு தோணுறது நியாயம்தான். வீட்டுக்கான அட்மாஸ் ரிசீவர் 2014-லதான் வந்தது, அதனால 2012 பெட்டியில அது கிடையாது. இதுக்காக மாத்துறீங்கன்னா அது சரியான காரணம். ஆனா மேலே ரெண்டு ஸ்பீக்கராவது நிஜமாவே மாட்டப் போறீங்களா? அப்படி மேலே ரெண்டு சேர்த்த 5.1.2-ன்னா குறைஞ்சது ஏழு சேனல் ரிசீவர் வேணும். தளத்துல துளை போட்டு ஒயர் இழுக்க முடியலைன்னா, சத்தத்தை மேலே அடிச்சுத் திருப்புற ஸ்பீக்கர் இருக்கு. அதுக்குத் தட்டையான, கெட்டியான கூரை வேணும். பத்தடி உயர கான்கிரீட் தளத்துல நல்லா வேலை செய்யும். நாட்டு ஓட்டு வீட்டுலயோ, சரிவா ஷீட் போட்ட மாடி அறையிலயோ அந்தக் காசு வீண். இன்னொரு விஷயம், ஓடிடியில வர்ற அட்மாஸுக்கு ஈஏஆர்சி வேணும்னு சொல்லி விலை ஏத்துவாங்க. வேண்டியதில்லை. நெட்ஃபிளிக்ஸ் அட்மாஸ் அதிகபட்சம் 768 கிலோபிட்தான், அதுக்கு சாதாரண ஏஆர்சியே தாராளம். ப்ளூ-ரே டிஸ்க் சேர்த்து வச்சு, அதை டிவி வழியா கேட்கிறவங்களுக்குத்தான் ஈஏஆர்சி தேவை.

வீடியோ கேம் விளையாடுற பசங்க இருக்கிற வீட்டுல, விநாடிக்கு 120 ஃபிரேம் ஓடுற 4கே 120-ன்னு ஒண்ணைச் சொல்வாங்க. கன்சோலை நேரா டிவியில மாட்டினா அதுக்கும் ரிசீவர் மாத்த வேண்டாம். 2020-ல டெனான், மராண்ட்ஸ், யமஹா கம்பெனிகளோட புது மாடல்கள் சிலதுல, அந்த 4கே 120-க்குன்னே வச்ச சிப்புல கோளாறு இருந்து எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் படம் வராமப் போச்சு. புதுசா ஒரு வசதி வர்ற முதல் வருஷம் கொஞ்சம் ஒதுங்கி நிக்கிறது நல்லது.

அப்ப எப்ப மாத்தியே ஆகணும்? ஹெச்டிஎம்ஐ போர்டு போயிட்டா. அதுல இருக்கிற சிப்பைக் கழட்டி மாத்துறது ஊர் மெக்கானிக்கால ஆகாது, கம்பெனி போர்டு விலை புது செட்ல பாதிக்கு நிக்கும். ஆனா ஆன் பண்ணினதும் டப்புன்னு அணைஞ்சு லைட் மினுக்கினா உடனே செட் போச்சுன்னு நினைக்காதீங்க. பின்னாடி ஸ்பீக்கர் ஒயர்ல பிரிஞ்ச ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டாக்கூட பாதுகாப்புக்காக அது தானே அணையும். காத்து ஓட்டை வழியா பல்லி புகுந்து போர்டுல விழுந்து கருகினதையும் பார்த்திருக்கேன். கொர்ர்னு ஒரு இரைச்சல் வந்தா, செட்-டாப் பாக்ஸ்ல இருந்து கேபிள் ஒயரைக் கழட்டிப் பாருங்க. இரைச்சல் நின்னா கோளாறு எர்த் சம்பந்தப்பட்டது, ரிசீவருடையது இல்லை. ஐப்பசி, கார்த்திகையில இடி இடிக்கும்போது கரண்ட் பிளக்கோட அந்த கேபிள் ஒயரையும் சேர்த்துக் கழட்டுங்க. ஹெச்டிஎம்ஐயைக் கொல்ற மின்னல் பல நேரம் அந்த ஒயர் வழியாத்தான் உள்ளே வருது.

வாங்குறதுன்னு முடிவாயிட்டா, பேர் தெரிஞ்ச கம்பெனியில ஆரம்ப மாடலே இன்னைக்கு 30,000 ரூபாய் பக்கம் வரும். கம்பெனிகளும் கை மாறிக்கிட்டே இருக்கு. ஆன்க்யோ 2022-ல திவாலாச்சு, அந்தப் பேர்ல இப்ப வேற முதலாளிகள் செட் பண்றாங்க. டெனானும் மராண்ட்ஸும் 2025-ல சாம்சங்கோட ஹார்மன் கைக்குப் போச்சு. அதனால காஞ்சிபுரத்துலயோ சென்னையிலயோ சர்வீஸ் எங்கன்னு கேட்டுட்டு, பில்லோட வாங்குங்க. பில் இருந்தாத்தான் 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் நிக்கும். அமெரிக்காவுல இருக்கிற மச்சான் கொண்டு வர்றேன்னு சொன்னா, செட்டோட முதுகுல 120 வோல்ட்னு எழுதியிருக்கான்னு முதல்ல கேளுங்க. நம்ம 230 வோல்ட்ல நேரா சொருகினா அன்னைக்கே புகைஞ்சிடும். பழசு வாங்குறவங்க ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ போர்ட்டையும் மாட்டிப் பார்த்துட்டு, அந்தக் குட்டி மைக்கையும் ரிமோட்டையும் கேட்டு வாங்குங்க.

தம்பி, உங்களுக்கு என் பதில்: இப்ப மாத்த வேண்டாம். ஒரு நல்ல ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்கி ஏஆர்சியில போடுங்க, பிசிஎம்மை எடுங்க, சென்டரை நிமிர்த்துங்க. பொங்கல் வரைக்கும் கேட்டுப் பாருங்க. அப்பவும் குறை இருந்தா ரிசீவர் முதுகுல இருக்கிற மாடல் நம்பர், டிவி மாடல், அறையோட நீளம் அகலம், கூரை ஓடா தளமான்னு இந்த நாலையும் எழுதி அனுப்புங்க. அதை வச்சு அடுத்து என்ன வாங்கலாம்னு பேசுவோம்.