தாத்தா எங்கே?

18 மாதம் ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், வீடியோ அழைப்பு மட்டும் பரவாயில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016-இல் சொன்னது. ஏன்? டி.வி. பதில் பேசாது, தாத்தா பேசுவார். ஆனா, "நான் யாரு, சொல்லு" என்று பரீட்சை வைத்தால் பிள்ளை ஓடிப்போகும்.

குளிர்காலத்தில் நியூஜெர்சியில் என் பேத்திக்கு இரவு 8 மணிச் சாப்பாடு. சென்னையில் எனக்குக் காலை 6.30 இட்லி. அவள் ஒரு வாய், நான் ஒரு வாய். நடுவே துண்டால் முகத்தை மூடி, "தாத்தா எங்கே?" என்பேன். முதல்முறை நேரில் போனப்போ அம்மா பின்னால் ஒளிந்துகொண்டாள். துண்டை எடுத்தேன், சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள்!

ஐந்து நிமிஷம் போதும். அதுவரை போனை யாராவது பிடிச்சுக்கணும். வெளிநாட்டில் இருக்கிற நம்ம பழைய மாணவர்களே, அது உங்க வேலை.