வீட்டிலேயே நகைகளைப் பேணுதல்

(மாதர் சங்கத்தினரும் ஊராட்சி உறுப்பினர்களும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



உரத்தைப் பற்றியோ சாலையைப் பற்றியோ நான் பேசுவேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நகைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இது பெண்களுக்கு மட்டும் உரிய பேச்சு என்றெண்ணிப் பின்வரிசையில் இருப்போர் எழுந்துவிட வேண்டாம். நடவுச் செலவுக்குப் பணம் முடையாகும்பொழுது கூட்டுறவுச் சங்கத்தின் தராசில் ஏறுவது வீட்டுப் பெண்களின் சங்கிலிதானே!

சில ஆண்டுகளுக்கு முன் நான் வெளியூர் முகாமில் இருந்தபொழுது, எங்கள் வீட்டுக்கு மெருகு போடுபவன் ஒருவன் வந்தான். முதலில் குத்துவிளக்கைக் காசு வாங்காமலே துலக்கிக் கொடுத்தான்; பின்னர் கொலுசு. அதன் பிறகு என் தாயார் தம் ஐந்து பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். பீங்கான் கிண்ணத்தில் ஏதோ மஞ்சள் நிறத் திராவகத்தில் அமிழ்த்தி எடுத்தான். சங்கிலி பளபளத்தது. திராவகத்தை மட்டும் கீழே கொட்டாமல், தன் சீசாவிலேயே பத்திரமாக ஊற்றிக்கொண்டான். மறுமாதம் அடகு வைக்கச் சென்றபொழுது 40 கிராம் இருக்க வேண்டிய சங்கிலி 33 கிராமே நின்றது. உரைத்துப் பார்த்ததில் மாற்றில் குறைவில்லை. "என் கண்ணெதிரேதானே இருந்தது" என்று என் தாயார் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடந்தது யாதெனில், நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தனித்தனியே பொன்னைக் கரைக்கமாட்டா. இரண்டும் சேர்ந்த இராஜ திராவகம் கரைத்துவிடும். கரைந்த பொன்னை அவன் பின்னர் பிரித்தெடுத்துக்கொள்வான். ஆகையால் வாசலில் வந்து மெருகு போடுவோரிடம் நகையைக் கொடுக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அவன் செய்வதாகச் சொல்லும் வேலையை நாமே செய்துகொள்ளலாம். பூந்திக்கொட்டைத் தோலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நுரை வந்ததும் நகையை அதில் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். பிறகு மெல்லிய தூரிகையால் கண்ணிகளினிடையே தேயுங்கள். தாலிச் சங்கிலியில் மங்குவது பொன் அன்று. படிந்த மஞ்சளும் எண்ணெயும் வியர்வையும்தான். கிண்ணத்திலேயே அலசுங்கள். வாய்க்காலோரத்தில் அலசித் திருகாணியைத் தொலைத்தவர்கள் இங்கேயே இருக்கக்கூடும்! பற்பொடியும் சாம்பலும் வேண்டாம். அவை பொன்னை அராவிவிடும்.

கல் பதித்த பழைய நகைகளை வெந்நீரில் போடலாகாது. கல்லின் பின்னே அரக்கும் தகடும் இருக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும். முத்துக்குப் புளியும் எலுமிச்சையும் பகை. புளிப்பு அதனைக் கரைத்துவிடும்.

ஊராட்சியின் குடிநீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கும் ஊழியர்கள் மோதிரத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்ய வேண்டும். 22 காரட் நகையில் 1000 பங்குக்கு 916 பங்குதான் பொன்; எஞ்சியது பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். குளோரின் அவற்றைத் தாக்கிப் பற்றவைத்த இடங்களைப் பலவீனப்படுத்தும். பாதரசம் பட்டாலோ பொன் வெளுத்துவிடும். உடைந்த காய்ச்சல்மானியை மோதிரக் கையால் தொடாதீர்கள்.

2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்ட இடங்களில், கடைகள் ஆறு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறியுள்ள நகையையே விற்க வேண்டும். ஒவ்வொரு நகையின் எடையையும், குறி இருந்தால் அதனையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அவ்வாறு எழுதி வைத்திருந்தால், 7 கிராம் குறைந்ததை ஒரு மாதம் கழித்து அறிந்திருக்கமாட்டோம்.

வெள்ளி கறுப்பதற்குக் கந்தகமே காரணம். ரப்பர் வளையத்தால் கட்டி வைத்தாலும் கறுக்கும். அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சமையல் சோடாவும் கொதிநீரும் விட்டு, வெள்ளி அத்தாளைத் தொடும்படி வைத்தால், கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி தேயாது. இதோ, மேஜைமீது எல்லாம் தயாராக இருக்கிறது. கறுத்த கொலுசு வைத்திருப்போர் முன்னே வாருங்கள். எடை போட்டுக் குறித்துக்கொண்ட பிறகே நீரில் இடுவோம்.