பின்னால் நிற்பவன்



நான் ராயக்கோட்டைக்காரன். ஊர்ப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தக்காளி மண்டி நினைவுக்கு வரும். மீதிப் பேருக்கு மலைக்கோட்டை. திப்புவின் ஆட்கள் காவல் காத்த கோட்டை அது. 1791-இல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். அதன் அடிவாரத்தில் பந்து உதைத்து வளர்ந்ததாலோ என்னவோ, கோல் அடிப்பவனைவிடக் காவல் நிற்பவன்மேல்தான் எனக்கு ஒட்டுதல். நாங்கள் அவனை ‘பேக்’ என்போம். அந்த இடத்துக்கு எவனும் போட்டி போடமாட்டான். நெட்டையாக இருப்பவனைப் பிடித்து நிறுத்துவோம். ஆனால் முழு மைதானமும் அவன் கண்ணில்தான் இருக்கும். “லெஃப்ட்ல ஆளு வர்றான், பாருடா!” என்று ஆட்டம் முடியும்வரை கத்திக்கொண்டே இருப்பான். பாதிக் கோச் வேலையை அப்போதே பார்த்துவிடுகிறான்.

அப்படியொரு பேக் நம் சென்னைக்கு வந்தார். இத்தாலிக்காரர் மார்கோ மேட்டராட்ஸி. 2006 ஜூலை 9, பெர்லின், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பிரான்சின் ஜிடான் தலையால் நெஞ்சில் முட்டினாரே, முட்டு வாங்கியவர்! அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம். 7-ஆவது நிமிடத்தில் பிரான்சுக்குப் பெனால்டி கிடைக்கக் காரணமே இவர் செய்த ஃபவுல். 19-ஆவது நிமிடத்தில் பிர்லோ அடித்த கார்னரைத் தலையால் வலைக்குள் தள்ளிச் சமன் செய்ததும் இவரே. டைபிரேக்கரிலும் தன் பங்கைத் தவறவிடவில்லை.

அந்த உலகக் கோப்பை தொடங்கியபோது அவர் முதல் பதினொருவரில் இருந்தவரே இல்லை. செக் குடியரசுடனான ஆட்டத்தில் பேக் நெஸ்டாவுக்கு அடிபட்டதால் இவரை இறக்கிவிட்டார்கள். இறங்கிய ஆட்டத்திலேயே கோல். 2014-இல், இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கிய வருடம், சென்னையின் எஃப்சிக்கு ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் வந்தார். வயது 41. சீசன் முடிகிற நேரத்தில் இத்தாலியிலிருந்து ஒரு பேக் வந்து சேர்ந்தார். யார் தெரியுமா? அதே நெஸ்டா!

மறு வருடம் மேட்டராட்ஸி கோச்சாக மட்டும் கோட்டுக்கு வெளியே நின்றார். பேக்குக்கு இதைவிடத் தண்டனை இல்லை. பந்து ஆபத்தாக வருவது தெரிகிறது, ஓடிப்போய் அடித்து விரட்ட முடியாது. அணி பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. பிறகு லீக்கின் கடைசி நான்கு ஆட்டங்களையும் வென்று மூன்றாம் இடத்துக்கு ஏறியது. அந்த நேரம் பார்த்துச் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று சாய்த்தார்கள். டிசம்பர் 20, இறுதி ஆட்டம், கோவா. 90 நிமிடம் நெருங்கும்போது 2-1 என்று கோவா முன்னால். அங்கிருந்து கோவா கோல்கீப்பரின் சொந்த கோல் ஒன்று, நம் மெண்டோசாவின் கோல் ஒன்று. 3-2, கோப்பை நமக்கு. டிவி முன்னால் நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் திருடன் என்று ஓடி வந்தார்.

அவரை மகா தந்திரசாலி என்று சொல்ல நான் வரவில்லை. 2016-இல் எட்டு அணிகளில் ஏழாம் இடம், கிளம்பிவிட்டார். ஆனால் பேக் கோச் ஆவது அவரோடு நிற்கவில்லை; அந்த 2015 அணியில் பேக்காக ஆடிய காஷ்மீர்க்காரர் மெஹ்ராஜுதீன் வாடூவும் பின்னாளில் கோச் ஆனார்.

எங்கள் கூட்டத்தில் நாங்கள் பிடித்து நிறுத்திய நெட்டையன் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான். வேலை முடிந்ததும் பையன்களைச் சேர்த்துப் பந்து சொல்லித் தருகிறான். இந்த மேடையில் மேட்டராட்ஸியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அவனுக்குப் போன் செய்தேன்.

“முட்டு வாங்கினாரே, அவருதானே?” என்றான். “பேசு, பேசு. வர்றப்ப நாலு பந்து வாங்கிட்டு வா. இங்க இருக்கறது எல்லாம் தையல் பிரிஞ்சிருச்சு.”