டயாலிசிஸும் மூட்டு வலியும்

(நமது சங்கக் கூட்டத்தில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் கேட் பக்கம் ஆட்டோவுக்காக நிற்பவனாகத்தான் உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். டயாலிசிஸ் தொடங்கி 13 வருடம் ஆகிறது. நம் குடியிருப்பில் இன்னும் மூன்று பேர் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். அவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும்தான் பேசுகிறேன்.

எட்டாவது வருடத்தில் என் வலது கைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இரவில் மரத்துப்போகத் தொடங்கின. கையை உதறினால் சரியாகும். பிறகு சட்டைப் பொத்தான் போடவே சிரமமானது. தோள்பட்டையிலும் வலி; டயாலிசிஸ் கட்டிலில் நாலு மணி நேரம் படுத்திருக்கும்போது இன்னும் கூடும். வயசாகிவிட்டது என்று நினைத்து, மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினேன். ஒன்றரை வருடம் டாக்டரிடம் சொல்லவில்லை. நான் செய்த தப்பு அதுதான்.

கடைசியில் நரம்புப் பரிசோதனை செய்து, மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, 'கார்ப்பல் டனல்' என்றார்கள். சின்ன ஆபரேஷன்தான். மரத்துப்போவது நின்றது. ஆனால் கட்டைவிரல் அடிச்சதை சூம்பியது சூம்பியதுதான். இன்றும் பாட்டில் மூடியை என் மனைவிதான் திறந்து தருகிறாள்.

காரணத்தை டாக்டர் விளக்கினார். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் எல்லோர் ரத்தத்திலும் உண்டு. நல்ல சிறுநீரகம் அதை அகற்றிவிடும். டயாலிசிஸில் அது போதிய அளவு வெளியேறுவதில்லை. வருடக்கணக்கில் சேர்ந்து மணிக்கட்டு, தோள் மூட்டுகளில் படிந்துவிடுகிறது. இந்தப் படிவு எந்தப் புரதத்தால் ஆனது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1985இல் கண்டறிந்தார்கள். பழைய வடிகட்டிகளைவிட 'ஹை ஃப்ளக்ஸ்' வடிகட்டிகள் இதை அதிகமாக வெளியேற்றும். உங்களுக்கு எது போடுகிறார்கள் என்று கேட்பதில் தவறில்லை.

எலும்பின் கதை வேறு. ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறும், வைட்டமின் டி வேலை செய்யும் நிலைக்கு மாறாது, கால்சியம் குறையும். உடனே கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்கும். அதனால் எலும்பு வலிக்கும். லேசாக விழுந்தாலே முறியும்.

அனுபவத்தில் சொல்கிறேன். பாஸ்பரஸ் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள்; வெறும் வயிற்றில் போட்டால் பலன் இல்லை. கோலா பானங்களும் பாக்கெட் உணவும் வேண்டாம். கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச். அளவுகளை டாக்டர் சொல்லும் இடைவெளியில் பாருங்கள். டயாலிசிஸைத் தள்ளிப்போடாதீர்கள். வலி மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், மிச்சமிருக்கும் சிறுநீரும் குறையலாம். விரல் மரத்தால் அடுத்த டயாலிசிஸ் அன்றே சொல்லுங்கள்.

சங்கத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சி பிளாக் வாசலில் ஐந்து படிகள் இருக்கின்றன, கைப்பிடி இல்லை. டயாலிசிஸ் முடிந்து வரும்போது தலை சுற்றும். இந்த எலும்போடு ஒருமுறை விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம். ஒரு பக்கமாவது கைப்பிடி வைத்துக் கொடுங்கள். எனக்கு மட்டும் இல்லை, நம் பெரியவர்கள் எல்லோருக்கும் உதவும்.