ரசச் சொம்பும் பால் வால்வும்



ஈயச் சொம்பில் ரசம் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? உருகிவிடும். ரசம் இருந்தால் உருகாது. ஏன்? தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சொம்பின் சூட்டை மேலே ஏற விடாது. ஈயம் உருக 232 டிகிரி வேண்டும்.

இன்று சொல்லப்போவதும் இதே கணக்குதான்.

பெங்களூரில் குழாய் வேலைக்குப் போகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். செம்புக் குழாயில் பால் வால்வைப் பற்ற வைக்கிறீர்கள். அந்தப் பற்றுக் கம்பியிலும் பெரும்பங்கு இதே ஈயம்தான். வால்வின் உடம்பு பித்தளை. அது அந்தச் சூட்டைத் தாங்கும். உள்ளே ஓர் உருண்டை இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் வெள்ளை வளையம். அது டெஃப்லான். தண்ணீரை அடைப்பது அந்த வளையம்தான். 260 டிகிரிக்கு மேல் அது கெட்டுப்போகும். டார்ச் தீயோ 1000 டிகிரியைத் தாண்டும்!

என் அண்ணன் ஹெல்பராக இருந்தபோது வால்வையே சுற்றிச் சுற்றிக் காய்ச்சினார். மறுநாள் தண்ணீர் விட்டார்கள். வால்வை மூடியும் சொட்டு நிற்கவில்லை. வால்வின் விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு முன்பே யாரும் சொல்லித் தரவில்லை. என் மனம் இன்னும் ஆறவில்லை.

ஈரத்துணியை வால்வின் நடுவில் நன்றாகச் சுற்றுங்கள். ரசம் செய்த வேலையை அந்த ஈரம் செய்யும். துணி காய்ந்தால் மறுபடி நனையுங்கள். பற்ற வைக்கும் இடத்தில் மட்டும் ஈரம் படக்கூடாது. குழாய்க்குள்ளும் தண்ணீர் நிற்கக்கூடாது. நின்றால் ஈயம் பிடிக்காது.

வால்வை முழுதும் திறந்து வையுங்கள். கைப்பிடி குழாயோடு நேராக இருக்கட்டும். உள்ளே உள்ள காற்றும் ஆவியும் வெளியேற வழி வேண்டும். குழாய் சேரும் வாயில் மட்டும் தீயைக் காட்டுங்கள். தீயின் நுனி வால்வுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். ஈயம் ஓடியதும் தீயை எடுத்துவிடுங்கள். ஆறும்வரை கைப்பிடியைத் திருப்பாதீர்கள்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். கருகிய டெஃப்லான் புகை காய்ச்சலும் குளிரும் தரும். குடிநீர்க் குழாய்க்குக் காரீயம் கலந்த கம்பி வேண்டவே வேண்டாம். அது விஷம்.

மரை உள்ள வால்வு என்றால் கவலை குறைவு. மரைத் துண்டை முதலில் குழாயில் பற்ற வையுங்கள். ஆறிய பிறகு வால்வைத் திருகுங்கள்.

அண்ணன் கெடுத்த அந்த வால்வைக் கொண்டுவந்திருக்கிறேன். கையில் வாங்கி வளையத்தைப் பாருங்கள்.