‘காணவில்லை’ என்பது ‘இல்லை’ ஆகாது

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு முகவரியின் அருமை நன்கு தெரியும். அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டால், உறவே அற்றுப்போயிற்று என்று எவரும் கலங்குவதில்லை. வீட்டு எண்ணையும் தெருவின் பெயரையும் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கிறோம். கணிப்பொறியின் முன் அமரும்போது மட்டும் அந்த நிதானம் நம்மைவிட்டு அகன்றுவிடுகிறது.

நான் குடியிருப்பது புனேக்கு அருகிலுள்ள தேஹு ரோடு. இங்குள்ள படைக்கலக் கிடங்கை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறைகளாக இவ்வூரில் வாழ்கின்றன. அத்தகைய குடும்பத்துப் பெண்ணொருத்தி, ஓர் இரவு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். மறுநாள் காலை அவளுக்கு வேலைக்கான நேர்காணல். அதில் காட்டுவதற்காக, நூலகப் புத்தகங்களைப் பட்டியலிடும் சிறு செயலியொன்றை ஜாவா மொழியில் எழுதி, தாம்கேட் என்னும் சர்வரில் ஏற்றியிருந்தாள். முகப்புப் பக்கம் தோன்றிற்று. பட்டியலைக் கேட்டாலோ, ‘404’ என்ற எண்தான் வந்தது.

“எல்லாம் போயிற்று, மாமா. அனைத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கப் போகிறேன்” என்றாள்.

நான் கலைப் பட்டதாரி, தொழிலோ மொழிபெயர்ப்பு. ஆகவே, திரையில் இருந்த ஆங்கிலச் சொற்களுக்கு நேர்ப்பொருள் கூறினேன். “காணவில்லை என்றுதானே சொல்கிறது? இல்லை என்று சொல்லவில்லையே!” அவ்வேறுபாடே எங்களுக்கு வழிகாட்டிற்று. உறங்கும் சர்வர் 404 என்றும் சொல்லாது. விடை வந்ததனால், சர்வர் விழித்திருக்கிறது. கேட்ட இடத்தில் கேட்ட பொருளைத்தான் அது காணவில்லை. எனவே முகவரியைப் பகுதி பகுதியாக ஆராய்ந்தோம்.

முதலாவது, செயலியின் பெயர். வெப்ஆப்ஸ் என்னும் கோப்புறையில் இடும் ‘வார்’ கோப்பின் பெயரே முகவரியின் முதற்பகுதி ஆகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் அங்கே வேறுபாடு உண்டு. முகப்புப் பக்கம் தோன்றியதால் இப்பகுதி சரியே.

இரண்டாவது, பக்கம் இருக்கும் இடம். ‘வெப்-இன்ஃப்’ என்னும் உள்ளறையில் வைத்த கோப்பை வெளியார் நேரே கேட்டால், சர்வர் 404 என்றே விடையளிக்கும். அவள் அங்கே பக்கம் எதனையும் வைக்கவில்லை.

மூன்றாவது, சர்வரின் நாட்குறிப்பான ‘லாக்’. செயலி தொடங்கும்போதே இடறி விழுந்திருந்தால், அதன் பக்கங்கள் அனைத்துக்கும் 404 வரும். காரணம் அந்தக் குறிப்பில் இருக்கும். அதிலும் குறையொன்றும் தென்படவில்லை.

எஞ்சியது, பட்டியலைத் தரும் சர்வ்லெட். அது தன் முகவரியை அறிவிக்கும் வரியின் எழுத்துகள் பிழையற்றிருந்தன. ஆனால் அவள் கற்ற பழைய பாடநூல், ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கும் பெயர்களைக் கொடுத்திருந்தது. ஆரக்கிள் நிறுவனத்திடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு அத்தொகுப்பு கைமாறியபின், அப்பெயரைத் தொடர்ந்து வளர்த்துப் பயன்படுத்த உடன்பாடு ஏற்படவில்லை. ஆதலால் 2020 டிசம்பரில் வெளிவந்த பதிப்பில் அப்பெயர்கள் ‘ஜகார்த்தா’ என மாறின. தாம்கேட் 9 பழைய பெயரையே அறியும். தாம்கேட் 10 புதிய பெயரையே அறியும். அவளிடம் இருந்தது 10. பழைய பெயரிலிருந்த அறிவிப்பை அது குறைகூறவுமில்லை, மதிக்கவுமில்லை. வாளா கடந்து சென்றுவிட்டது.

பூனா 1978இல் புனே ஆயிற்று. மெட்ராஸ் 1996இல் சென்னை ஆயிற்று. பழைய பெயரிட்ட கடிதத்தையும் தபால்காரர் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். கணிப்பொறிக்கு அந்தக் கனிவு கிடையாது.

நிரலில் பெயர்களை மாற்றி, அதற்குரிய நூலகத் தொகுப்பையும் புதியதாக்கி, மறுபடி ஏற்றினாள். பட்டியல் வந்தது. பழைய நிரலைத் திருத்த இயலாதவர்கள் தாம்கேட் 9ஐப் பயன்படுத்தலாம். அல்லது 10இல் ‘வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ’ என்னும் கோப்புறையை உண்டாக்கி அதில் இட்டால், சர்வரே பெயர்களை மாற்றிக்கொள்ளும்.

மறுநாள் மாலை அவள் வந்தாள். “செயலியைவிட அந்தப் பிழையைப் பற்றித்தான், மாமா, அதிகம் கேட்டார்கள்” என்றாள். எல்லாவற்றையும் அழித்திருந்தால், சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இருந்திராது.