ஒளித்துப் பார்க்கும் சண்டைப் படங்கள்

தென் கொல்கத்தாவில் பிரின்ஸ் அன்வர் ஷா சாலை என்று ஒன்று உண்டு. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு அது பழகிய சாலைதான். அதன் கிழக்கு முனை ஜாதவ்பூர். திரைப்படக் கல்விக்கென்று தனித் துறையை 1993-இல் தொடங்கி, இந்தியப் பல்கலைக்கழகங்களில் அதற்கு முதல் வழி திறந்த ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. மேற்கு முனை டாலிகஞ்ச், வங்காளப் படங்கள் பிறக்கும் ஸ்டுடியோக்களின் பேட்டை. அந்த முனையை ஒட்டி நவீனா திரையரங்கு. இடையில் உஷா மின்விசிறியும் தையல் இயந்திரமும் செய்த தொழிற்சாலை இருந்தது. இன்று அந்த இடத்தில் சவுத் சிட்டி மாலும் மல்டிபிளெக்ஸும் நிற்கின்றன. சினிமாவைப் படிப்பது, எடுப்பது, பார்ப்பது மூன்றும் ஒரே சாலையில் நடக்கின்றன. 1947-இலேயே சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு சேர்ந்து ஃபிலிம் சொசைட்டி தொடங்கிய ஊர் இது. நல்ல படம் எது என்று இந்தியாவுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த ஊரிலும், நாலு பேர் நடுவில் பெயர் சொல்லக் கூச்சப்படும் ஒரு வகைப் படம் உண்டு. வங்காளிகள் அதை ‘மார்பிட்’ படம் என்பார்கள். நாம் சண்டைப் படம் என்போம். குறைந்த செலவில் எடுத்த கராத்தே படம், குங்ஃபூ படம். பார்ப்பது நிறையப் பேர், ஒப்புக்கொள்வது சிலர். இந்தக் கூச்சம் நியாயம்தானா என்பதே இன்றைய பேச்சு.

கொல்கத்தாவின் சொந்தப் பிள்ளை மிதுன் சக்கரவர்த்தியையே எடுத்துக்கொள்வோம். 1976-இல் மிருணாள் சென் எடுத்த ‘மிருகயா’வில் வில்லேந்திய பழங்குடி இளைஞனாக நடித்து, முதல் படத்திலேயே தேசிய விருது வாங்கினார். மூன்றே ஆண்டில், 1979-இல், ‘சுரக்ஷா’வில் துப்பாக்கியும் கராத்தே வெட்டுமாக உளவாளியாக வந்தார். 1992-இல் புத்ததேவ் தாஸ்குப்தாவின் ‘தாஹாதேர் கதா’வுக்கு மறுபடியும் தேசிய விருது. அதே தொண்ணூறுகளில் அவர் நம் ஊட்டிக்கு வந்து தங்கினார். சொந்த ஹோட்டல் நடத்தினார். இந்தித் தயாரிப்பாளர்கள் யூனிட்டோடு மலையேறி வந்து, அங்கேயே தங்கி, அதே தேயிலைச் சரிவிலும் பைன் காட்டிலும் சில வாரங்களில் ஒரு சண்டைப் படத்தை முடித்துக்கொண்டு இறங்கினார்கள். வட இந்தியச் சிறு நகரங்களின் கொட்டகைகளில் போட்ட பணம் திரும்பியது. 2024-இல் அவருக்குத் தாதாசாகேப் பால்கே விருது அறிவித்தபோது ‘மிருகயா’வைப் பேசியவர்கள் பலர். ஊட்டிப் படங்களைக் குடும்பத்தில் கெட்டுப்போன ஒரு பிள்ளையைப் போல மறைத்துவைத்தார்கள். இத்தனைக்கும் மிருணாள் சென்னின் கேமரா ‘மிருகயா’வில் உற்றுப் பார்த்ததும் மிதுனின் உடம்பைத்தான். வில்லை இழுக்கும் தோளும் மண்ணில் பாவும் பாதமும் அங்கே கலையாகின்றன. அதே தோள் அடியாளைத் தூக்கி எறிந்தால் மட்டும் அது எப்படி மட்டமாகும்?

சண்டைப் படத்தில் நாம் உண்மையில் எதைப் பார்க்கிறோம்? ஹாங்காங்கிலிருந்து 1978-இல் வந்த ‘டிரங்கன் மாஸ்டர்’ படத்தில் ஓர் இடம். இளைஞன் ஜாக்கி சான் தலைகீழாகத் தொங்குகிறார். தலைக்குக் கீழே ஒரு வாளியில் தண்ணீர்; மேலே, காலருகே, ஒரு காலி வாளி. கையில் சின்னஞ்சிறு கிண்ணங்கள். கீழே மொண்டு, வயிற்றை மடக்கி உடம்பை மேலே தூக்கி ஊற்ற வேண்டும். மறுபடி கீழே, மறுபடி மேலே. இதில் பொய் சொல்ல வழியே இல்லை. வயிறு மடங்குவது தெரிகிறது, கழுத்து நரம்பு புடைப்பது தெரிகிறது. வசனமும் பின்னணி இசையும் இல்லாவிட்டாலும் காட்சி நிற்கும். அந்த வயிற்றுக்குப் பின்னால் பத்தாண்டுப் பாடம் இருக்கிறது. ஏழு வயதிலேயே பீக்கிங் ஆபரா பள்ளியில் சேர்க்கப்பட்டு, அடி உதையோடு குட்டிக்கரணம் கற்றவர் அவர். நமக்கு இது புரியாத கதையா? சிறு வயதில் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்து ஆட்டமும் வாள்வீச்சும் கற்ற எம்.ஜி.ஆர். பிற்பாடு சிலம்பம் சுற்றியதைப் பார்க்கத்தானே தமிழ்நாடு கொட்டகையில் கூடியது? கோயில் திருவிழாவில் சிலம்பம் பார்க்கக் கூடும் கூட்டமும், வங்காளத்துக் கம்பு விளையாட்டான லாட்டி கேலாவைச் சுற்றி நிற்கும் கூட்டமும் தேடுவது இதையேதான்: பழக்கம் ஏறிய உடம்பு கண் முன்னால் தன்னை நிரூபிக்க வேண்டும்.

செலவு குறைவு என்பது இந்த நிரூபணத்துக்குப் பல வேளை துணையாகவே வந்திருக்கிறது. காசுள்ள படத்தில் நடிகருக்குச் சண்டை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாலு கேமரா வைத்து, விநாடிக்கு இரண்டு துண்டாக வெட்டி, மிச்சத்தைக் கணினியில் ஒட்டிவிடலாம். காசில்லாத இடத்தில் இருக்கும் ஒரே மூலதனம் ஆள். தாய்லாந்தின் வடகிழக்கில், கோன் கேன் வட்டாரத்தில், பன்னா ரித்திக்ராய் என்பவர் தன் சீடர்களை வைத்தே 1984-இல் ‘பார்ன் டு ஃபைட்’ எடுத்தார். அவருடைய படங்களைப் பார்த்து வளர்ந்து, அவரிடமே போய்ச் சேர்ந்த கிராமத்துச் சிறுவன்தான், 2003-இல் ‘ஓங் பாக்’ படத்தில் கம்பி கட்டாமல் பறந்து உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த டோனி ஜா. இந்தோனேசியாவில் 2011-இல் சுமார் 11 லட்சம் டாலரில் எடுத்த ‘தி ரெய்ட்’ படம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நடக்கிறது. வெளியே போகக் காசில்லை. அதனால் தாழ்வாரமும் படிக்கட்டும் கதவுச் சட்டமும் சிலாட் என்ற உள்ளூர்த் தற்காப்புக் கலையின் பங்காளிகளாகிவிட்டன. ஹாங்காங் படங்களை ஆராய்ந்த டேவிட் போர்ட்வெல் அவற்றின் சண்டைக்கு ஒரு தாள அமைப்பு உண்டு என்று காட்டினார்: ஒரு கணம் அசையாத நிலை, சரமாரியாக வீச்சு, மறுபடி அசையாத நிலை. மிருதங்கத்தில் தீர்மானம் வைத்து நிறுத்துவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடி விழும் இடத்தைப் போலவே அடி விழாத இடமும் கணக்குப் போட்டு வைத்தது.

அப்படியானால் செலவு குறைந்த சண்டைப் படம் எல்லாமே உயர்ந்ததா? இல்லை. இதே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஊட்டிப் படங்களைப் பார்த்தால் பெரும்பாலானவை தேறாது. அங்கே அவசரம் உடம்பைக் காட்டப் பயன்படவில்லை, மறைக்கப் பயன்பட்டது. நாயகன் கால் தூக்குவது ஒரு துண்டு, வில்லன் விழுவது இன்னொரு துண்டு. நடுவில் நடந்ததை நாம் பார்ப்பதேயில்லை. பயிற்சிக்கு நாள் ஒதுக்காத சண்டை அது. 1983-இல் நம் ஏவி.எம். எடுத்த ‘பாயும் புலி’ ஹாங்காங்கின் ‘36-ஆவது சேம்பர் ஆஃப் ஷாலின்’ படத்திலிருந்து தூண்டுதல் பெற்றது. பயிற்சிக்கு மதிப்புத் தர வேண்டும் என்று அந்தத் தமிழ்ப் படம் புரிந்துகொண்டது. ஆனால் மூலப் படம் அந்தப் பயிற்சியிலேயே ஊறிக் கிடக்கிறது, நம்முடையது அதைத் தொட்டுவிட்டுக் கதைக்கு ஓடுகிறது. நல்லது இது, அல்லாதது இது என்று இப்படிப் பிரித்துச் சொல்ல முடிகிறதென்றால், இது ரசனைக்கு உட்பட்ட விஷயம்தான். ஒட்டுமொத்தமாக ஒளித்துவைக்க வேண்டிய பண்டம் இல்லை.

கதையே இல்லையே என்பார்கள். கதை மெலிந்தது உண்மை. குருவைக் கொன்றவனைச் சீடன் பழிவாங்குவான். அதற்கு மேல் எதுவும் இருக்காது. தெருக்கூத்துக்குப் போகிறவருக்கும் துரியோதனன் சாவான் என்று முன்பே தெரியும். விடிய விடிய அவர் உட்கார்ந்திருப்பது எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்க. வன்முறை பற்றிய குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது, அதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். குறிப்பாகத் தொண்ணூறுகளின் மலிவு இந்திப் படங்கள், நாயகன் சண்டைக்குக் காரணம் தேடுவதற்காகவே தங்கையையோ காதலியையோ சீரழித்தன. அதைப் பார்த்துக் கூச்சம் வந்தால் அது சரியான கூச்சம். யாரும் அதைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தக் குற்றம் மலிவால் வந்ததல்ல. கோடிகள் கொட்டிய படங்களும் அதையே செய்தன, விருந்தாளிகள் நடுவில் உட்கார்ந்து நாம் அவற்றைப் பார்த்தோம்.

இன்னொரு ரசனை இப்போது நாகரிகமாகியிருக்கிறது. மோசமான படத்தைக் கூட்டமாக உட்கார்ந்து கேலி செய்து பார்ப்பது. 1998-இல் காந்தி ஷா இயக்கி மிதுன் நடித்த ‘குண்டா’ அப்படித்தான் கல்லூரி விடுதிகளில் புகழ் பெற்றது. எதுகை மோனை வைத்த அதன் வசனங்களை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். படம் பிழைத்தது என்று இதில் மகிழலாம்தான். எனக்கு இது ஒளித்துப் பார்ப்பதைவிடத் தாழ்ந்ததாகப் படுகிறது. ஒளித்துப் பார்க்கிறவர் படத்தையாவது பார்க்கிறார். சிரிக்கக் கூடுகிறவர் தன் உயரத்தை மட்டும் பார்க்கிறார். எதிர்ப்பக்கம் வாசன் பாலாவின் ‘மர்த் கோ தர்த் நஹீ ஹோத்தா’ நிற்கிறது. பழைய வீடியோ கேசட்டில் குங்ஃபூ படம் பார்த்தே வளரும் ஒரு மும்பைப் பையனின் கதை. 2018-இல் டொரொன்டோ விழாவில் நள்ளிரவுப் பிரிவின் பார்வையாளர் விருதை வென்றது. அதில் வேடிக்கை நிறைய உண்டு, ஏளனம் கிடையாது. அந்தப் பழைய படங்களிலிருந்து அது எடுத்துக்கொண்டது, நடிகர்களை முழு உடம்போடு சட்டகத்துக்குள் நிறுத்தும் ஒழுக்கத்தை.

இந்த ஒழுக்கத்தைச் சுமந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாமல் போனதுதான் எனக்குள்ள பெரிய மனக்குறை. 1,200 படங்களுக்கு மேல் சண்டை அமைத்து கின்னஸில் இடம்பெற்ற ஜூடோ ரத்தினம் நம்மவர். அவர் பெயரையாவது பழைய டைட்டில் கார்டில் பார்த்திருப்போம். அவருக்குக் கீழே விழுந்து எழுந்தவர்களின் பெயர் டைட்டிலிலும் இல்லை. தேசியத் திரைப்பட விருதில் சண்டை அமைப்புக்கென்று ஓர் இடம் கிடைக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘புலிமுருகன்’ படத்துக்காக பீட்டர் ஹெய்ன் முதலில் பெற்றார். ஆஸ்கர்காரர்கள் 2025-இல்தான் முடிவெடுத்தார்கள், 2027-இல் வெளிவரும் படங்களிலிருந்து ஸ்டண்டுக்கு விருது உண்டென்று.

அடுத்த முறை தொலைக்காட்சியில் பழைய சண்டைப் படம் ஓடினால் சேனலை மாற்றாமல், நாயகனை விட்டுவிட்டு அடி வாங்குகிறவரைப் பாருங்கள். தரையில் விழும் நொடியில் மோவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொள்வார், தலை அடிபடாமல் இருக்க. விரித்த உள்ளங்கையால் தரையை அறைவார், வேகம் முதுகுக்குப் போகாமல் இருக்க. காசில்லாத படத்தில் ஃபைட்டர்கள் ஏழெட்டுப் பேர்தான்; ஆகவே நீலச் சட்டையில் ஜன்னல் வழியாக விழுந்தவர் அடுத்த அறையில் சிவப்புச் சட்டையில் நிற்பார். மாடிப்படியில் அவரை மூன்றாவது முறை பார்க்கும்போது, இடது கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி வருவது தெரியும். அது நடிப்பில்லை. அவர் மறுபடியும் விழுவார், உள்ளங்கை மறுபடியும் சரியான இடத்தில் தரையை அறையும்.